பிலோமினா டீச்சர் தண்ணீர் குடித்த வருடம்

1

என் அக்கா பிலோமினா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதைக் கொண்டாடவேண்டும் என்று நான் போனில் சொன்னேன். கொண்டாட ஒன்றும் இல்லை, முதலில் நீ ஒரு தம்ளர் தண்ணீர் குடி, நான் லைனில் இருக்கிறேன் என்றாள். எழுந்து போய்க் குடித்தேன். விழுங்கும் சத்தம் கேட்கவில்லை என்று இன்னொரு தம்ளர் குடிக்கச் சொன்னாள்.

இந்த அக்காதான் சென்ற ஆண்டுவரை பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள். அந்தக் கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சிலர் அதைப் பாதியாகவும், சிலர் தலைகீழாகவும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோவில் வட்டாரத்தில், நெதர்லாந்தில் இருக்கும் சேவியர், அதாவது நான், குடித்துக் கெட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு இருப்பதாகவும் தெரிகிறது. அதற்கும் இதிலேயே விளக்கம் வருகிறது.

2

நான் இருப்பது உட்ரெக்ட் நகரத்தில்; துலிப் போன்ற பூச்செடிகளின் கிழங்குகளை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் குடிக்கிற தண்ணீர்தான். ஆபீசில் ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு பாட்டில் நிற்கும். கூட்டத்துக்குப் போனால் எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு ஓயாத தலைவலி. டாக்டரிடம் போனேன். இந்த நாட்டு டாக்டர்களிடம் கால் முறிந்தாலும் காதல் முறிந்தாலும் ஒரே மருந்துதான்: பாராசிட்டமால் போடு, தண்ணீர் குடி. குளிரில் வியர்க்காது, தாகம் தெரியாது, ஆனால் ஹீட்டர் போட்ட அறை உடம்பை உலர்த்திவிடும் என்று அந்த அம்மாள் சொன்னார். குடித்தேன். தலைவலி போயிற்று. அன்றிலிருந்து நானும் பாட்டில் கட்சி.

சில மாதம் கழித்து ஒரு பொதுப் பரிசோதனைக்கு அதே டாக்டரிடம் போனேன். நான் அப்போது டச்சு வகுப்பில் சேர்ந்த புதிது. பேசிக் காட்டவேண்டும் என்ற வேகம். குடிப்பதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தினமுமா? தினமும். எத்தனை கிளாஸ்? எட்டு, சில நாள் பத்து. எப்போது ஆரம்பிப்பீர்கள்? எழுந்தவுடன், பல் விளக்குவதற்கு முன்பே. ஆபீசிலுமா? மேஜையிலேயே பாட்டில் இருக்கிறது, மேலாளரும் என்னோடு குடிப்பார். மனைவிக்குத் தெரியுமா? அவள்தான் ஊற்றிக் கொடுப்பாள். இந்தியாவில் இந்தப் பழக்கம் இல்லை, உங்கள் நாட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன், ரொம்ப நன்றி என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் குடிநோயாளிகளுக்கு ஆலோசனை தரும் ஒருவர் போன் செய்தார். நான் குடிப்பது வெறும் தண்ணீர்தான் என்று விளக்கினேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அன்பாகச் சொன்னார். அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க, என் மனைவி ரோஸ்லின் நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் அதையும் அவர்கள் முழுதாக நம்பவில்லை.

3

சென்ற ஏப்ரல் கடைசியில் அக்காவின் பிரிவுபசார விழாவுக்காக நானும் என் மகள் மரியாவும் சென்னை வந்தோம். ரோஸ்லினுக்கு லீவு கிடைக்கவில்லை. மரியாவுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி என்னிடமிருந்து வந்தது, மீதி அவள் போனில் பார்க்கும் தமிழ்ப் படங்களிலிருந்து வந்தது. இந்தப் பாதிக்கணக்கு எனக்கு அப்போது தெரியாது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புக்கு 'உடலுக்கு நீரின் அவசியம்' என்று படம் போட்டு நடத்தியவள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டில் தண்ணீருக்கு என்று ஓர் அறையே உண்டு. குடம், டிரம், மூடி போட்ட வாளிகள், கவிழ்த்து வைத்த கேன்கள். லாரி வரும் சத்தம் அவளுக்குத் தெரு முனையிலேயே கேட்டுவிடும். அவ்வளவையும் பிடித்து வைப்பாள். குடிக்க மட்டும் மாட்டாள்.

காலையில் ஒரு காபி. அதற்குப் பிறகு சாயங்காலம்வரை ஒன்றும் கிடையாது. நான் என் இரும்பு பாட்டிலை நீட்டினால், பால்காரன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு அலையாதே என்பாள். நான் விடவில்லை. சிறுநீரகம் என்றேன், ரத்த ஓட்டம் என்றேன். வயதாகும்போது தாகம் எடுப்பதே குறைந்துவிடும், தாகத்தை நம்பி இருக்கக்கூடாது என்றேன். அறிவியல் டீச்சருக்கு அறிவியல் நடத்துகிறாயா என்று கேட்டாள். மரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் நான் தினமும் காலையில் ஒரு பாட்டில் நிறைத்துப் பையில் வைத்து அனுப்புவேன். என் பெண் எவ்வளவு சமத்தாகக் குடிக்கிறாள் பார் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். மரியா சட்டென்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

4

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புடவை எடுக்கத் தி.நகர் போனோம். வெயில் தலையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தது. வழியில் ஏதோ கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அக்கா வேண்டாம் என்றாள். இளநீர் வேண்டாம். கரும்புச்சாறு வேண்டாம். எல்லாம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம் என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடையில் லிஃப்டுக்கு முன்னால் கும்பல். அக்கா கையைத் தட்டி எல்லோரையும் உயரப்படி வரிசையாக நிற்கச் சொன்னாள். நின்றார்கள். ஒரு போலீஸ்காரர்கூட நின்றார். மூன்றாம் மாடியில் புடவை காட்டிய பையனிடம் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னாள். கல்லாவில் இருந்தவரிடம் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கிறது என்றாள். இவை எதுவும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. நாற்பது வருடமாக அக்காவை எனக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பையன் முதல் புடவையை விரித்தான். கிளிப்பச்சை உடம்பு, ஆரஞ்சுக் கரை, உடம்பு முழுக்க வெள்ளி மயில்.

"ரொம்ப அழகா இருக்குப்பா," என்றாள் அக்கா. "இதையே குடுத்துடு. எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

என் அக்கா ஒரு புடவையை முதல் பார்வையில் ஒப்புக்கொண்டதாக எங்கள் குடும்பத்தில் சரித்திரமே கிடையாது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண் எங்கேயோ பார்த்தது. உதடு வெடித்திருந்தது.

"நீ சாப்பிட்டியா கண்ணா?" என்று கேட்டாள்.

அவள் என்னைக் கண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. டேய் என்பாள், எருமை என்பாள், கோபம் அதிகமானால் முழுப் பெயரும் சொல்லுவாள். நான் அவள் தோளைப் பிடிப்பதற்குள் கால் மடங்கி, விரித்திருந்த மயில்களின் மேலேயே மெதுவாகச் சாய்ந்துவிட்டாள்.

கடைப் பெண் ஒருத்தி ஓடிப்போய் உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்காவுக்கு நினைவு இருந்தது. ஆனால் அப்போதும் தம்ளரை நகர்த்தினாள். "வீட்டுக்குப் போய்..." என்று முனகினாள். மரியா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கீழே தாங்கி இறக்கி ஓர் ஆட்டோவில் ஏற்றினோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், ஆயாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். ஆயா என்றதும் அக்கா எழுந்து உட்கார்ந்து அவரை ஒரு வழி பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். எனக்கு இன்னும் பயம் அதிகமாகிவிட்டது.

"பயப்படாத சார். வெயிலு அப்டி கீது. காலைலர்ந்து ரெண்டு பேரு இப்டித்தான் வுழுந்தாங்கோ," என்று சொல்லிவிட்டு, டிரைவர் ஒருவழிச் சாலைகளை எல்லாம் இருவழியாக்கிக்கொண்டு ஓட்டினார்.

5

பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். இளம் பெண் டாக்டர். அக்காவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் அப்படியே கூடாரம்போல நின்றது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, நாடி வேகமாக ஓடியது. குழப்பமாகப் பேசினார்களா என்று கேட்டார். அன்பாகப் பேசினாள் என்றேன். அவர் அதை எப்படி எழுதுவது என்று யோசித்தார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குத் தமிழில் குடிப்பது என்பது புத்தக வார்த்தை, அடிப்பது என்பது எல்லோரும் பேசுகிற வார்த்தை. படங்களில் அப்படித்தானே சொல்கிறார்கள்.

"அத்தை தண்ணி அடிக்கவே மாட்டாங்க டாக்டர். அப்பாதான் காலைல எந்திரிச்ச உடனே அடிப்பார். ஆபீஸ்லயும் அடிப்பார். எனக்கும் ஒரு பாட்டில் ஊத்திக் குடுத்துத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்த எங்கள் பங்குக் கோவில் உபதேசியார் எழுந்து உட்கார்ந்தே பார்த்தார். மயிலாப்பூரில் உலவும் பேச்சுக்கு மூலம் இதுதான். உபதேசியாருக்கு அன்று நான் விளக்கிச் சொன்னேன். விளக்கியது அவர் காதில் விழவில்லைபோல.

பக்கவாதம் இல்லை, உடம்பில் நீர் வற்றிப் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். 'வேறொன்றும் இல்லை' என்று லேசாகச் சொல்கிற விஷயம் இல்லை என்றும் அவரே சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்தாகியிருக்கும். டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது அக்கா கண்ணைத் திறந்து, டிரிப்ஸ் ஸ்டாண்டு கோணலாக நிற்கிறது, யார் வைத்தது என்று கேட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது.

மரியா கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் அத்தை தண்ணீர் குடிக்கமாட்டீர்கள் என்று கேட்டாள். நான் இவ்வளவு வருடம் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன், இந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

அக்கா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். டீச்சர்களுக்கான கழிவறை மைதானத்தின் கடைசியில், மதிலை ஒட்டி. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாராவது ஒருவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்படி ஒரு டீச்சரைக் கூப்பிட்டால் அவள் வகுப்பும் கெடும், தன் வகுப்பும் கெடும். போகும்போது மைதானத்தில் விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் நின்று குட் மார்னிங் மிஸ் சொல்லும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே முடிவு செய்துவிட்டாளாம். குடித்தால்தானே போகவேண்டும்.

"பழகிப் போச்சுடி. அப்புறம் லீவு நாள்ல கூடக் குடிக்கத் தோணல," என்றாள்.

மரியா தலையைக் குனிந்துகொண்டு கட்டில் விளிம்பைச் சுரண்டினாள்.

"நானும் ஸ்கூல்ல குடிக்க மாட்டேன் அத்தை. அங்கயும் லாக் சரியில்ல. நாத்தம் வேற."

"உங்கப்பன் குடுத்து விடற தண்ணி?"

"கிளாஸ்ல ஒரு செடி இருக்கு."

அக்கா என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தாள். "செடி எப்படி இருக்கு?"

"செத்துப் போச்சு. டெய்லி ஒரு லிட்டர் ஊத்திட்டேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி குத்திய கை ஆடியது. நர்ஸ் வந்து அதட்டினார். மரியாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்குப் போன் வழியாகவும் ஒருத்திக்குப் பாட்டில் வழியாகவும் புத்தி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர்கள் இருவரும் என்னிடம் சொல்லாததை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள ஒரு பாட்டில் டிரிப்ஸ் இறங்கும் நேரம் போதுமாயிருந்தது.

6

விழாவுக்குப் போகலாம், ஆனால் ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிக்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அந்தப் பொறுப்பை மரியா எடுத்துக்கொண்டாள். முன்வரிசையில் உட்கார்ந்து, நேரம் வரும்போதெல்லாம் தன் பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டுவாள். மேடையில் அக்கா கீழ்ப்படிந்து இரண்டு மடக்குக் குடிப்பாள். அக்கா யாருக்கும் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை. அவள் கட்டியிருந்தது அந்தக் கிளிப்பச்சை மயில் புடவை. தான் மயங்கி விழுந்த புடவையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அதையே வாங்கியிருந்தாள்.

பள்ளித் தாளாளர் பேச எழுந்தார். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். பிலோமினா டீச்சர் பொறுமையின் சிகரம் என்றார். கடமையின் இமயம் என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த நிமிடம்வரை வகுப்பு நேரத்தில் ஒரே ஒருமுறைகூட நடுவில் எழுந்து வெளியே போனது கிடையாது என்றார்.

அப்போது அக்கா எழுந்தாள்.

எல்லோரும் அவள் வணக்கம் சொல்வதற்கு எழுந்ததாக நினைத்துக் கை தட்டினார்கள். அவள் மேடைப் படியில் இறங்கி மரியாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இருவரும் வேகமாக வெளியே போனார்கள். திறந்த சன்னல் வழியாக மொத்த அரங்கமும் பார்த்தது. கொளுத்தும் வெயிலில் மைதானத்தின் குறுக்கே ஒரு கிளிப்பச்சைப் புடவை முன்னால் போக, பின்னால் என் மகள் ஓடினாள். தாளாளர் காலி நாற்காலியைப் பார்த்தார். கையில் எழுதி வைத்திருந்தது இன்னும் இரண்டு பக்கம் மீதி இருந்தது. நாற்காலியையே பார்த்து அதையும் படித்து முடித்தார்.

திரும்பி வந்த அக்கா நேரே மைக்கிடம் போனாள்.

"சார் என் பொறுமையைப் பத்திச் சொன்னார்," என்றாள். குரல் வகுப்பில் பேசுகிற குரல்தான். "அது பொறுமை இல்ல சார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. இப்பக்கூட நெதர்லாந்துலேர்ந்து வந்த பிள்ளைதான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எனக்குப் பொன்னாடை வேணாம். ஒரு தாழ்ப்பாள் போடுங்க."

டீச்சர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து யாரோ கை தட்டினார்கள். அப்புறம் பிள்ளைகள் தட்ட ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் மணி அடிக்கவேண்டியதாயிற்று. தாளாளர் நல்ல மனிதர். முகம் சிவந்துபோய், இதைக் கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார். "திங்கட்கிழமைக்குள்ள பேசிடுங்க," என்றாள் அக்கா. திங்கட்கிழமை ஆசாரி வந்துவிட்டார். கோடை விடுமுறை முடிவதற்குள் தண்ணீர்க் குழாயும் வந்துவிட்டது என்று கேள்வி.

உட்ரெக்டில் மரியாவின் பள்ளிக்கும் நான் போனேன். இணையத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். கதவு எந்த வகைப் புகார் என்பதைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு மாலை போயிற்று. பிறகு ஒரு கமிட்டி, அதற்கு ஒரு துணைக் கமிட்டி. கமிட்டி இல்லாத நாடு எதுவும் கிடையாதுபோல. மரியாவே அத்தையிடம் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. பூட்டு மாற்றிவிட்டார்கள். வகுப்பில் புதுச் செடி ஒன்று வைத்திருக்கிறார்களாம், நன்றாக வளர்கிறதாம்.

7

அக்காவுக்கு இப்போது முழுநேர வேலை தண்ணீர்தான். பங்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் புறங்கையைக் கிள்ளிப் பார்க்கிறாள். வயதானவர்கள் அவளைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். உபதேசியாருக்குத் தப்ப வழியில்லை, கால் இன்னும் சரியாகவில்லை.

என்னைக் கிள்ள முடியாது என்பதால், காலையில் நான் வேலைக்கு ரயிலில் போகும்போது போனில் பிடிக்கிறாள். அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. நேற்றும் கூப்பிட்டாள். பெட்டியில் எல்லோரும் செய்தி படித்துக்கொண்டும் ரொட்டி தின்றுகொண்டும் இருந்தார்கள்.

"காலைல யூரின் எந்தக் கலர்ல போச்சு?" என்று கேட்டாள்.

இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்று நானும் நன்றாகவே விளக்கினேன். மஞ்சள்தான் என்றேன். எந்த மஞ்சள் என்றாள். எலுமிச்சையா, மாம்பழமா, சாம்பார் மஞ்சளா? யோசித்து, எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் நடுவில் என்றேன். அதெல்லாம் போதாது, வெளிறியிருக்கவேண்டும், நீ நேற்று ராத்திரி வெறும் காபியாகக் குடித்திருக்கிறாய் என்று திட்ட ஆரம்பித்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு பையன், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. ரயில் வேகம் குறைந்தபோது அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, என் பக்கம் குனிந்தான்.

"தண்ணி மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிடுங்கண்ணே," என்றான். "எங்க அம்மாகிட்ட நான் அப்படித்தான் சொல்றேன்."

போனில் அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"யாருடா அது? போனை அந்தத் தம்பிகிட்ட குடு."

கொடுத்தேன். அவன் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்து, நின்று, போய்விட்டது.